கர்சர் நிற்கும் இடம்

ஒரு நாளில் நான் தட்டச்சு செய்வதில் பெரும்பகுதி, ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்ட பெயர்கள். ஃபங்ஷன் பெயர், கிளாஸ் பெயர், கான்ஃபிக் கோப்பில் இருக்கும் ஒரு சாவி, நாலு வரிக்கு முன்னால் நானே வைத்த வேரியபிள். புதிதாக யோசித்து வைக்கும் பெயர் கொஞ்சம்தான். வைத்ததைப் பிழையில்லாமல் திரும்பத் திரும்ப எழுதுவதுதான் அதிகம். ஆகவே எடிட்டரில் உனக்கு முக்கியமான வசதி எது என்று யாராவது கேட்டால், பாதி எழுதிய பெயரை அந்த இடத்திலேயே முழுதாக்கித் தரும் வசதி என்று யோசிக்காமல் சொல்வேன். ஈமேக்ஸில் அதை என் கைக்கு ஏற்றபடி அமைக்க நீண்ட காலம் ஆனது. அந்த வேலையில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஈமேக்ஸ் 1976-ல் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற எடிட்டருக்கான மேக்ரோ தொகுப்பாகப் பிறந்தது. பிறகு ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்துக்காகப் புதிதாக எழுதி 1985-ல் வெளியிட்ட குனு ஈமேக்ஸின் வழிவந்ததைத்தான் இன்று நாங்கள் பயன்படுத்துகிறோம். உட்கரு சி மொழியில் இருக்கிறது. அதற்கு மேல் பெரும்பகுதி ஈமேக்ஸ் லிஸ்ப். எந்தச் சாவியை அழுத்தினாலும் ஒரு லிஸ்ப் ஃபங்ஷன் ஓடுகிறது. எடிட்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபங்ஷனைத் திறந்து படிக்கலாம், மாற்றி எழுதலாம், மாற்றம் அந்த நொடியே நடப்புக்கு வரும். கம்ப்ளீஷனும் அப்படித்தான். அதில் மூடி வைத்த பெட்டி எதுவும் இல்லை.

நான் முதலில் பழகியது ஆல்ட்-ஸ்லாஷ். அதற்கு டேப்ரெவ் என்று பெயர். பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்துவிட்டு அந்தச் சாவியை அழுத்தினால், கர்சரிலிருந்து பின்னோக்கித் தேடி, அதே எழுத்துகளில் தொடங்கும் மிக அருகிலுள்ள சொல்லைக் கொண்டுவந்து வைக்கும். அது வேண்டாமென்றால் மறுபடி அழுத்தலாம். அதற்கு முந்தையது வரும். மேலே தீர்ந்தால் கீழே தேடும். அங்கும் தீர்ந்தால் திறந்திருக்கும் மற்ற பஃபர்களுக்குப் போகும். இதற்கு மொழியும் தெரியாது, இலக்கணமும் தெரியாது, பின்னணியில் சர்வரும் கிடையாது. சற்று முன் எழுதியதுதான் மறுபடி தேவைப்படும் என்ற ஒரே ஊகத்தில் ஓடுகிறது. அந்த ஊகம் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருக்கிறது.

தமிழில் குறிப்பு எழுதும்போதும் இது எனக்குத் துணை. ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த முறை முதல் மூன்று எழுத்து போதும். ஆனால் நம் மொழியில் சொல் தனியாக நிற்பது அபூர்வம். வேற்றுமை உருபு ஏறித்தான் நிற்கும். அருகில் இருப்பது ‘ஒருங்கிணைப்பாளருக்கு’ என்றால் அதுதான் முதலில் வரும், உருபை அழித்துவிட்டு எழுத வேண்டும். அப்படியும் நேரம் மிச்சம்தான். கோடில் மட்டும் ஒரு அமைப்பை மாற்றிக்கொள்வது நல்லது: ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தை டேப்ரெவ் தன் கணக்கில் சில நேரம் மாற்றிவிடும். டேப்ரெவ்-கேஸ்-ரீப்ளேஸ் என்ற வேரியபிளுக்கு, ‘இல்லை’ என்று பொருள்படும் நில் (nil) மதிப்பைக் கொடுத்துவிட்டால் இருப்பது இருந்தபடியே வரும்.

டேப்ரெவைத் தாண்டி, ‘இந்த ஆப்ஜெக்டில் என்னென்ன மெத்தட் இருக்கிறது’ என்று கேட்க வேண்டிய கட்டத்தில்தான் உண்மையான கம்ப்ளீஷன் அமைப்புக்குள் நுழைய வேண்டிவருகிறது. இங்கே பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் எழும்பும் அந்தச் சிறிய பட்டியல்தான் கம்ப்ளீஷன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதிர்பார்த்த பெயர் வரவில்லை என்றால் பட்டியலைக் காட்டும் பேக்கேஜை மாற்றுகிறார்கள். மாற்றியும் அதே பெயர்தான் வராமல் இருக்கிறது.

ஈமேக்ஸில் இது மூன்று தனித்தனி வேலை. பெயர்களைத் தருவது ஒன்று. நாம் அடித்த எழுத்துகளோடு பொருத்திப் பார்த்துச் சலிப்பது இன்னொன்று. சலித்ததைத் திரையில் காட்டுவது மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு பேர் செய்யலாம், ஒருவரை மாற்றினால் மற்ற இருவரும் அப்படியே இருப்பார்கள். பல ஆண்டுகள் ஈமேக்ஸின் பராமரிப்பாளராக இருந்த ஸ்டெஃபான் மோனியே இந்த அடித்தளத்தின் பெரும்பகுதியை எழுதினார். கோடில் கை வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிரிப்பின் அருமை எனக்குப் புரிகிறது. கம்ப்ளீஷனில் ஏதாவது கோளாறு என்றால் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இது மூன்றில் யாருடைய வேலை என்பதுதான். அதற்கு விடை கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

பெயர்களைத் தரும் வேலைக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கம்ப்ளீஷன்-அட்-பாயின்ட்-ஃபங்ஷன்ஸ். எழுதுகிறவர்கள் இதைக் கேப்ஃப் என்று சுருக்கிச் சொல்வார்கள். கர்சர் நிற்கும் இடத்தில் கம்ப்ளீஷன் கேட்டதும், ஈமேக்ஸ் இந்தப் பட்டியலில் உள்ள ஃபங்ஷன்களை வரிசையாக அழைக்கிறது. தனக்கு இங்கே சொல்ல ஒன்றுமில்லை என்றால் ஃபங்ஷன் நில் என்று திருப்பித் தர வேண்டும். சொல்ல இருக்கிறது என்றால் மூன்று விஷயம் தரும்: நிரப்ப வேண்டிய பகுதி பஃபரில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, பெயர்களின் தொகுப்பு எது. அதற்குப் பின்னால் விருப்பப்பட்டால் கூடுதல் குறிப்புகள் சேர்க்கலாம். ஒரு ஃபங்ஷன் பதில் சொல்லிவிட்டால், பொதுவாக அதற்குப் பின்னால் இருப்பவர்களை ஈமேக்ஸ் கேட்பதில்லை. அந்தத் தொகுப்பில் நமக்கு வேண்டிய பெயர் இல்லாவிட்டாலும் சரி.

இந்த ஒரு விதி தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், ஈமேக்ஸை ஆர்வத்தோடு கட்டமைத்துக்கொண்டிருந்தார். டேப்ரெவை ஒரு கேப்ஃபாக மாற்றித் தரும் கேப் என்ற பேக்கேஜை ஏற்கெனவே சேர்த்திருந்தார்; லேங்குவேஜ் சர்வரிடமிருந்து பெயர்களை வாங்கித் தரும் எக்லாட்டையும் அப்போதுதான் இயக்கியிருந்தார். ஒரு மாலை என் மேசைக்கு வந்தார்.

“அண்ணா, நேத்து வரைக்கும் கமெண்ட்ல டைப் பண்ணும்போது பக்கத்துல இருக்கிற வார்த்தை எல்லாம் வந்துச்சு. எக்லாட் ஆன் பண்ணதுலேர்ந்து ஒண்ணும் வரமாட்டேங்குது. கேப் பேக்கேஜ் ஏதும் உடைஞ்சுபோச்சா?”

“உடையலைம்மா. கன்ட்ரோல்-ஹெச், அப்புறம் வி. கம்ப்ளீஷன்-அட்-பாயின்ட்-ஃபங்ஷன்ஸ்னு குடு. இந்த பஃபர்ல முதல்ல யாரு இருக்காங்க?”

“எக்லாட்.”

“அப்புறம்?”

“பைத்தானோடது ஒண்ணு. கடைசியில வெறும் டி-ன்னு ஒரு எழுத்து மட்டும் நிக்குது.”

“அந்த டி-க்கு அர்த்தம், இதுக்கு மேல பொதுப் பட்டியலைப் போய்ப் பாருன்னு. உன்னோட டேப்ரெவ் அந்தப் பொதுப் பட்டியல்லதான் இருக்கு. எக்லாட் முதல்ல நிக்குது, கமெண்ட்டுக்குள்ளயும் ‘நான் பாத்துக்கிறேன்’னு கையைத் தூக்கிடுது. அதுக்கு மேல யாரையும் கேக்கிறதில்ல.”

அவர் அதை உடனே பிடித்துக்கொண்டார். “அப்போ கமெண்ட்ல மட்டும் டேப்ரெவை எக்லாட்டுக்கு முன்னாடி நிக்க வெச்சா போதுமாண்ணா?”

அதேதான். டேனியல் மெண்ட்லர் எழுதிய அந்தக் கேப் பேக்கேஜில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: எந்தக் கேப்ஃபையும் கமெண்ட்டுக்குள் மட்டும் இயங்கும்படி உறை போட்டுத் தரும். உறை போட்ட டேப்ரெவை முதலில் வைத்தால், கமெண்ட்டுக்குள் அது பதில் சொல்லும். கோடுக்குள் நில் தந்து ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து நிற்கும் எக்லாட்டுக்கு வாய்ப்புப் போகும். எக்லாட் ஒரு பஃபரைப் பொறுப்பில் எடுக்கும்போது தன்னைப் பட்டியலின் தலையில் சேர்த்துக்கொள்ளும். ஆகவே நம்முடையதை அதற்குப் பிறகு சேர்க்க வேண்டும். எக்லாட்-மேனேஜ்டு-மோட் ஹுக்கில் எழுதினால் அந்த நேரம் சரியாக அமையும். பைத்தான் மோடின் ஹுக்கில் எழுதினால், எக்லாட் பின்னால் வந்து முன்னால் நின்றுகொள்ளும், எழுதியது வீண். இரண்டு மூலங்களும் ஒரே பட்டியலில் கலந்து வேண்டுமென்றால் அதே கேப்பில் பலவற்றை ஒன்றாக்கும் ஃபங்ஷனும் இருக்கிறது. கோடுக்குள் கலப்பதை நான் விரும்புவதில்லை. சர்வர் நிச்சயமாகத் தெரிந்து சொல்லும் பெயர்களுக்கு நடுவே, கமெண்ட்டிலிருந்து பொறுக்கிய சொல் ஒன்று நிற்பது நம்பிக்கையைக் கெடுக்கிறது.

எக்லாட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற பொது ஒப்பந்தத்தை அறிவித்தன. அதற்கு முன் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக அறிவைச் சேர்த்துக்கொண்டிருந்தது. ஈமேக்ஸில் நாங்கள் பெயர்களின் அட்டவணையான டேக்ஸ் கோப்பை உருவாக்கி, கோட் மாறும்போதெல்லாம் மறுபடி உருவாக்கி ஓட்டிக்கொண்டிருந்தோம். இந்த ஒப்பந்தம் வந்த பிறகு மொழியறிவு தனி சர்வருக்குப் போய்விட்டது. கோ மொழிக்கு கோபிள்ஸ், சி-க்கு கிளாங்-டி, ரஸ்ட்டுக்கு ரஸ்ட்-அனலைசர், பைத்தானுக்குப் பைரைட் போன்றவை. எடிட்டர் கர்சர் எங்கே நிற்கிறது என்று சொன்னால் போதும், சர்வர் பெயர்களைத் தருகிறது. ஜுவாவ் தாவோரா எழுதிய எக்லாட், 2023 ஜூலையில் வந்த ஈமேக்ஸ் 29-லிருந்து எடிட்டரோடு சேர்ந்தே வருகிறது. எப்படிப் பார்த்தாலும் எக்லாட்டும் பட்டியலில் நிற்கும் ஒரு கேப்ஃப்தான். அதனால்தான் மேலே சொன்ன வரிசை விதி அதற்கும் பொருந்துகிறது.

சர்வர் வழி வரும் கம்ப்ளீஷன் ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் புகார்களில், என் அனுபவத்தில், பெரும்பாலானவை ஈமேக்ஸ் சம்பந்தப்பட்டவையே அல்ல. பைத்தானில் வர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றில் நூலகங்களை நிறுவியிருப்பார்கள். ஈமேக்ஸை டெஸ்க்டாப் ஐகானிலிருந்து திறந்திருப்பார்கள். அதிலிருந்து கிளம்பிய சர்வருக்கு அந்த என்விரான்மென்ட் தெரியாது. மொழியின் சொந்த மாட்யூல்களுக்குப் பெயர்கள் வரும், நிறுவிய நூலகத்துக்கு மட்டும் வராது. இந்த அடையாளத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். ஈமேக்ஸுக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சு முழுவதும் எக்லாட்டின் ஈவன்ட்ஸ் பஃபரில் பதிவாகிறது. நான் சந்தேகம் வந்தால் அதைத் திறந்து, கேள்வி போயிருக்கிறதா, பதில் வெறுமையாக வந்திருக்கிறதா என்று படித்துவிடுவேன். ஊகிப்பதைவிடப் படிப்பது வேகம்.

வேகம் என்றதும் நினைவுக்கு வருவது, நாம் ஒரு புள்ளி வைத்ததும் சர்வர் பதிலாக அனுப்பும் ஜேசன் சில நேரம் மிகப் பெரியதாக இருக்கும் என்பது. பழைய ஈமேக்ஸில் அதை லிஸ்பிலேயே பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. 27-ஆம் பதிப்பில் ஜான்சன் என்ற சி நூலகத்தின் துணை வந்தது. 30-ஆம் பதிப்பில் ஈமேக்ஸுக்கே சொந்தமான ஜேசன் பிரிப்பி வந்துவிட்டது. இன்னொன்று, வெளிப் புராசஸிடமிருந்து ஒரே மூச்சில் எத்தனை பைட் படிப்பது என்ற வரம்பு. ரீட்-புராசஸ்-அவுட்புட்-மேக்ஸ். நெடுங்காலம் அது 4096 ஆக இருந்தது; 30-ல் 65536 ஆனது. நான் அதை ஒரு மெகாபைட்டாக வைத்திருக்கிறேன். பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியிலேயே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது சலிக்கும் வேலை. ஈமேக்ஸ் இயல்பாகவே முதலெழுத்திலிருந்து பொருத்துவதைத்தான் முதலில் முயலும். பைத்தானில் பாத்லிப்பின் பாத் ஆப்ஜெக்டைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளி வைக்கிறேன் என்று வையுங்கள். கோப்பை உரையாகப் படிக்கும் மெத்தட் வேண்டும். பெயரில் ‘டெக்ஸ்ட்’ என்று இருக்கும் என்பது நினைவிருக்கிறது. அது முன்னால் வருமா பின்னால் வருமா என்பது நினைவில்லை. முதலெழுத்துப் பொருத்தத்தில் ‘டெக்ஸ்ட்’ என்று அடித்தால் ஒன்றும் வராது. ஒமார் அந்தோலின் கமரேனாவின் ஆர்டர்லெஸ் என்ற சலிப்பு முறையைப் போட்டிருந்தால் ரீட்-டெக்ஸ்ட்டும் ரைட்-டெக்ஸ்ட்டும் வந்து நிற்கும். துண்டுகளை எந்த வரிசையில் கொடுத்தாலும், இடைவெளி விட்டு எத்தனை துண்டு கொடுத்தாலும், எல்லாத் துண்டும் உள்ள பெயர்களைத் தரும். மனிதர்களின் நினைவு பெயரின் தொடக்கத்தில் தொடங்குவதில்லை. நடுவிலோ வாலிலோதான் பிடிப்பு கிடைக்கும். எனக்கு இந்த முறை மற்ற எல்லா அமைப்பையும்விடப் பெரிய மாற்றம்.

கோடுக்குள் இடைவெளி அடித்தால் அது கோடின் இடைவெளியாகிவிடுமே என்ற கேள்வி வரும். கார்ஃபு என்ற காட்சிப் பேக்கேஜில் ஆல்ட்-ஸ்பேஸ் அடித்தால், அது துண்டு பிரிக்கும் குறியாக மட்டும் நிற்கும். தேர்வு முடிந்ததும் மறைந்துவிடும். பழகச் சில நாள் ஆகும், பழகிய பிறகு விரல் தானாகப் போகும்.

சலிப்பும் சர்வரும் உரசும் இடம் ஒன்று உண்டு. சில சர்வர்கள், அடித்த எழுத்துகளை வைத்துத் தாங்களே முதலில் சலித்து, முழுமையற்ற பட்டியல் என்று குறிப்புப் போட்டு அனுப்பும். எழுத்து கூடினால் மறுபடி கேள் என்பது அதன் பொருள். வாங்கிய பட்டியலை இந்தப் பக்கம் சேமித்துவைத்து அதையே சலித்துக்கொண்டிருந்தால், இருக்க வேண்டிய பெயர் கண்ணில் படாது. கேப்பில் பஸ்டர் என்ற உறை இதற்குத்தான்: எழுத்து மாறும்போது சேமிப்பைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கேட்கச் செய்கிறது. பட்டியல் கொஞ்சம் மெதுவாகும். இருக்கும் பெயரை இல்லை என்று காட்டுவதைவிட மெதுவாகக் காட்டுவது மேல் என்பது என் தீர்மானம்.

மூன்றாவது, காட்டும் வேலை. இணையத்தில் தேடினால் இதைப் பற்றித்தான் அதிகம் கிடைக்கும். எனக்கு இதில் சொல்ல அவ்வளவு இல்லை. 2009-ல் நிகோலாய் ஷூமாக்கர் தொடங்கி, பிறகு திமித்ரி குதோவ் நெடுங்காலமாகப் பராமரிக்கும் கம்பெனி என்ற பேக்கேஜ் முதிர்ந்தது. டெர்மினலிலும் நன்றாக ஓடும். பல தலைமுறைப் பயனர்கள் அதில்தான் வளர்ந்தார்கள். 2021-ல் டேனியல் மெண்ட்லர் வெளியிட்ட கார்ஃபு சிறியது. தனக்கென்று மூலங்கள் வைத்துக்கொள்ளாமல், ஈமேக்ஸின் கேப்ஃப் பட்டியலையே முழுதாக நம்பி, வந்ததை ஒரு குட்டி ஃப்ரேமில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது. அந்தக் குட்டி ஃப்ரேம் வசதி ஈமேக்ஸ் 26-ல் வந்தது. மூன்று வேலையையும் பிரித்துப் பார்க்கும் என் பழக்கத்துக்குக் கார்ஃபு பொருந்துகிறது, ஆகவே அதில் இருக்கிறேன். 30-ஆம் பதிப்பில் எடிட்டரோடு வரும் கம்ப்ளீஷன்-ப்ரிவியூ என்ற மோட், பட்டியலே இல்லாமல், கர்சருக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் மீதிப் பெயரைக் காட்டும். பட்டியல் கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது, பட்டியல் தானாக வர வேண்டுமா, அழைத்தால் வர வேண்டுமா என்பதைப் பற்றி. கார்ஃபுவில் தானாக வருவது இயல்பாக அணைந்தே இருக்கிறது. அதை நான் அப்படியே விட்டிருக்கிறேன். மூன்றெழுத்து அடித்ததும் கால் நொடிக்குள் பட்டியல் எழும்பினால், நான் மனதில் உருவாக்கிக்கொண்டிருந்த பெயருக்கு முன் திரையில் இருக்கும் பெயர் கண்ணில் பட்டுவிடுகிறது. வேரியபிளுக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் இது பெருங்கேடு. பொருத்தமான பெயரை யோசிக்க வேண்டிய இடத்தில், ஏற்கெனவே இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும் சோம்பல் வந்துவிடும். பிறகு அதே கோடைப் படிக்கிற இன்னொருவர், இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஏன் ஒரே பெயர் என்று திணறுவார். கோடில் பெயர்தான் சிந்தனை. அதை எடிட்டர் எனக்கு முன்னால் சொல்வதை நான் அனுமதிப்பதில்லை.

புதிதாகக் கற்கும் மொழியில், தெரியாத நூலகத்தில், தானாக வருவது உதவும் என்பதை மறுக்க மாட்டேன். அங்கே நாம் பெயர் வைக்கவில்லை, பெயர்களைத் தெரிந்துகொள்கிறோம். ஆகவே கற்கும் மொழியின் மோடில் மட்டும் பஃபர் அளவில் அதை இயக்கிக்கொள்வேன். தானாக வரும்படி வைப்பவர்கள் என்டர் சாவியை மட்டும் கார்ஃபுவின் சாவிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. வரி முடிந்தது என்று என்டர் அடிக்கும் நொடியில் பட்டியல் திறந்திருந்தால், அடுத்த வரிக்குப் போவதற்குப் பதில் கேட்காத பெயர் ஒன்று நுழைந்துவிடும். டேப்பில் மட்டும் தேர்வு என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அழைப்பதற்கு ஈமேக்ஸ் தரும் பழைய சாவி ஆல்ட்-டேப். பெரும்பாலான டெஸ்க்டாப்பில் விண்டோ மாற்ற அந்தச் சாவியை இயங்குதளம் எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் புத்தகங்களில் கன்ட்ரோல்-ஆல்ட்-ஐ என்று எழுதியிருப்பார்கள்; பழைய டெர்மினல் மரபில் கன்ட்ரோலும் ஐ-யும் சேர்ந்தால் டேப் என்பதால் இரண்டும் ஒன்றே. மூன்று விரல் வளைக்கத் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. டேப்-ஆல்வேஸ்-இன்டென்ட் என்ற வேரியபிளுக்கு கம்ப்ளீட் என்ற மதிப்பைக் கொடுத்தால், டேப் சாவி முதலில் வரியின் உள்தள்ளலைச் சரிசெய்யும். ஏற்கெனவே சரியாக இருந்தால் கம்ப்ளீஷன் கேட்கும். நாள் முழுவதும் நான் அழுத்துவது இதைத்தான்.

தமிழ் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். லேங்குவேஜ் சர்வருக்கு ஈமேக்ஸ் கர்சரின் இடத்தைச் சொல்லும்போது வரி எண்ணையும், அந்த வரியில் எத்தனையாவது இடம் என்பதையும் சொல்கிறது. இரண்டாவது எண், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், யூடிஎஃப்-16 அலகில் எண்ணப்படுகிறது. ‘வணக்கம்’ என்ற சொல் திரையில் 5 எழுத்து. மெய்யெழுத்துக்கான புள்ளிகளும் தனித்தனியாக எண்ணப்படுவதால் யூனிகோடில் அது 7. யூடிஎஃப்-16 அலகிலும் 7. யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 21. ஒரு வரியின் முன்பாதியில் தமிழ்ச் சரம் இருந்து, அதே வரியில் அதற்குப் பின்னால் கம்ப்ளீஷன் கேட்கும்போது, எதிர்ப்பக்கத்து நிரல் பைட்டில் எண்ணினால், அந்த ஒரு சொல்லுக்கே 14 இடம் தள்ளிப் போகும். எங்கோ நடுவில் பெயர் நுழையும், அல்லது பட்டியல் வெறுமையாக வரும். ஆங்கிலம் மட்டும் உள்ள கோடில் மூன்று கணக்கும் ஒன்றாகவே இருப்பதால் எழுதியவர்கள் கண்ணில் இது படுவதில்லை. புரோட்டோகாலின் 3.17 பதிப்பில் எந்த அலகில் எண்ணுவது என்று இருதரப்பும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளும் வழி சேர்க்கப்பட்டது. இப்போதும் சிறிய சர்வர்களில் இந்தக் கோளாறு எட்டிப் பார்க்கும். தமிழ் இருக்கும் வரியில் மட்டும் கம்ப்ளீஷன் தடுமாறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சரத்தைத் தனி வரிக்கு மாற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் உறுதி. சர்வர் எழுதுகிறவர்களுக்கு அந்த வரியோடு புகார் அனுப்புங்கள். நம்மைத் தவிர யாருக்கும் அது தெரிய வாய்ப்பு குறைவு.

எனக்கு மிகவும் நிறைவு தந்த பகுதி, சொந்தமாக எழுதிய கேப்ஃப். எங்கள் புராஜெக்டில் நிகழ்வுகளுக்கு நீளமான பெயர்கள் உண்டு. சிறுசிறு ஆங்கிலச் சொற்களை ஹைஃபன் போட்டுக் கோத்த பெயர்கள். அவை யாமல் கோப்பு ஒன்றில் விளக்கத்தோடு வரிசையாக இருக்கின்றன. பைத்தான் கோடில் அவை மேற்கோள் குறிக்குள் வெறும் சரமாக வரும். சரத்துக்குள் இருப்பதைப் பற்றி லேங்குவேஜ் சர்வருக்கு எதுவும் தெரியாது. ஒரு ஹைஃபன் தவறினால் பிழைச்செய்தி எதுவும் வராது, நிகழ்வு யாரையும் எட்டாமல் போய்விடும், கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். எனவே எடிட்டரையே சொல்லவைக்க முடிவு செய்தேன்.

எழுதத் தொடங்கியதும் தெரிந்தது, பெயர்களைத் தருவது எளிது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்வதுதான் நுட்பம் என்று. வழக்கமாகக் கர்சரடியில் உள்ள சிம்பலின் எல்லையைக் கேட்டு வாங்குவார்கள். பைத்தான் மோடில் ஹைஃபன் என்பது கழித்தல் குறி. சிம்பலின் உறுப்பு அல்ல. ஆகவே எல்லை கேட்டால் கடைசி ஹைஃபனுக்குப் பிறகு உள்ள துண்டு மட்டும் கிடைக்கும், அதோடு எந்தப் பெயரும் பொருந்தாது. அதற்குப் பதில் சின்டாக்ஸ்-பிபிஎஸ்எஸ் என்ற ஃபங்ஷனைக் கேட்டேன். கர்சர் சரத்துக்குள் இருக்கிறதா என்பதையும், சரம் எந்த இடத்தில் தொடங்கியது என்பதையும் அது சொல்லிவிடும். தொடக்கக் குறிக்கு அடுத்த இடம்தான் என் தொடக்கம். முடிவுக்கு, கர்சரிலிருந்து எழுத்தும் ஹைஃபனும் இருக்கும் வரை முன்னோக்கி நகர்ந்துகொண்டேன். பிறகு சரத்துக்கு முன்னால் பின்னோக்கிப் பார்த்து, அது நிகழ்வை அனுப்பும் ஃபங்ஷனின் அடைப்புக்குறிதானா என்று சோதித்தேன். இல்லையென்றால் நில். இந்த நில் மிக முக்கியம். அது இல்லாவிட்டால் எல்லாச் சரத்திலும் குறுக்கே நின்று, பின்னால் இருப்பவர்கள் வாய்ப்பைப் பறித்துவிடும்.

பெயர்களை ஒவ்வொரு முறையும் யாமல் கோப்பைத் திறந்து படிக்காமல், கோப்பு மாறிய நேரத்தை நினைவில் வைத்து, மாறினால் மட்டும் படிக்கும்படி செய்தேன். மொத்தமும் ஒரு திரைக்குள் அடங்கும் லிஸ்ப். எக்லாட்டின் ஹுக்கில் அதைப் பட்டியலின் தலையில் சேர்த்தேன். சலிப்பதற்கு ஆர்டர்லெஸ், காட்டுவதற்குக் கார்ஃபு. இரண்டுக்கும் என் ஃபங்ஷனைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பெயரின் நடுத்துண்டை அடித்தாலே முழுப் பெயர் வந்து நின்றது.

அந்த ஃபங்ஷனை அணியின் களஞ்சியத்தில் ஒரு கோப்பாகப் போட்டுவைத்தேன். ஈமேக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் தொடக்கக் கோப்பிலிருந்து அதை ஏற்றிக்கொள்கிறார்கள். அன்று டேப்ரெவைப் பற்றிக் கேட்க வந்த அதே பெண் பிறகு அதில் ஒரு மாற்றம் செய்து அனுப்பினார். கேப்ஃப் தரும் கூடுதல் குறிப்புகளில் அனோடேஷன் என்று ஒன்று இருக்கிறது; அதன் வழியாக யாமலில் உள்ள விளக்கத்தின் முதல் வரியைப் பெயருக்கு வலப்பக்கம் மங்கலாகக் காட்டச் செய்திருந்தார். ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் இரண்டு நிகழ்வுகளில் எது பணம் பிடிக்கப்படுவதற்கு முன், எது பின் என்பது இப்போது பட்டியலிலேயே தெரிகிறது. யாமலில் விளக்கம் எழுதாமல் விட்ட நிகழ்வுகள் பட்டியலில் வெறுமையாகத் தெரிய ஆரம்பித்ததால், ஒவ்வொருவராக அவற்றையும் எழுதி நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.